பார்படோஸ் மழையில் கேட்ட சேதி

ஸ்காபரோ

இஞ்சருங்கோ,

முழங்கால் வலி எப்படி? போன கிழமை ஒருநாள் காரில் மகன் சுதேசன், மருமகள் நிரோஜா, பேத்தி அக்சயா, பின் சீற்றில் நான். விடுமுறைக்குப் பார்படோஸ் தீவுக்குப் போயிருந்தோம். நாள் முழுக்க மழை. கடலைக் கண்ணாடிக்குள்ளால்தான் பார்த்தேன். அங்கே நம் ஊரைப்போல இடப்பக்கம் ஓட வேண்டும். சுதேசன் கனடாப் பழக்கத்தில் இரண்டு தரம் வலப்பக்கம் ஏறினான். "இடக்கைப் பக்கம் போடா" என்று கத்தினேன். பயப்பட ஒன்றுமில்லை.

"மாமி இருக்கிறது எவ்வளவு நல்லம். இவள் பள்ளிக்கூடம் போகுமட்டும் உங்களை வைச்சிருக்கச் சொல்லி மாமாவும் போனிலை சொல்லிட்டார்" என்று நிரோஜா சிரித்தாள். அவள் மாமா என்றது உங்களை.

தை பிறக்க ஊருக்கு வந்துவிடலாம் என்று கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நீங்கள் சொன்னது வைகாசி ஒன்பது, விடியற்காலை.

கூழ் காய்ச்ச ஒடியல் மா அனுப்புங்கள். என் கட்டிலில் ஒருவரையும் படுக்க விடவேண்டாம். பிள்ளை எழும்பிவிட்டாள், முடிக்கிறேன். ஐம்பத்திரண்டு வருசமாக வாயால் சொல்லாத உங்கள் பெயரை இன்றைக்கு எழுதுகிறேன். நான் மன்னிக்கமாட்டாத ஆள் மயில்வாகனம்.