இரியா பறக்கும் தூரம்

நவம்பர் 10, ஞாயிறு

லிஸ்பனிலிருந்து ஹெல்சிங்கிக்கு மூவாயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். நேர் விமானத்தில் நாலரை மணி நேரம். "அவ்வளவுதானே" என்றார் நீதிபதி.

விவாகரத்தானதும் நான் என் ஊரான லிஸ்பனுக்கு வந்துவிட்டேன். பள்ளிக்கூடம் மாற வேண்டாமென்று மகள் இரியா அவள் அப்பா எஸ்கோவுடன் ஹெல்சிங்கியிலேயே. பதினொரு வயதுக் குழந்தை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் தனியாக விமானம் ஏறி என்னிடம் வருகிறாள். வெள்ளியன்று சூப் குடித்தபடியே மேசையில் தூங்கிவிட்டாள். இன்று காலையில்தான் கலகலவென்று பேசினாள். மதியம் அனுப்பிவிட்டேன்.

வீட்டில் உட்கார முடியவில்லை.

நவம்பர் 26

எஸ்கோ கூப்பிட்டான். "திங்கட்கிழமை கிளாஸ்ல தூங்கிடறாளாம், கிராசா."

"என்கிட்ட அனுப்ப மாட்டேன்னு சொல்ல வர்றியா?"

"நான் எங்க அப்படிச் சொன்னேன்?"

போனை வைத்துவிட்டேன். அவன் சொன்னது பொய்யில்லை. அதுதான் எரிச்சல்.

டிசம்பர் 8, ஞாயிறு

ஹெல்சிங்கியில் பனிப்புயல். இறங்க முடியாமல் விமானத்தைத் தாலினுக்குத் திருப்பிவிட்டார்களாம். வேறு நாடு! என் பொண்ணு தனியா இருக்காளே — யாரிடம் கத்துவது?

எஸ்கோதான் பேசினான். "நான் கப்பல் ஏறிட்டேன். ரெண்டு மணி நேரத்துல அங்க இருப்பேன். அழாத."

அவனால் கடலைத் தாண்டிப் போக முடிகிறது. நான் சமையலறைக்கும் ஜன்னலுக்கும் நடக்கிறேன். பயத்தைவிட அவன்மேல் பொறாமைதான் அதிகம். வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் 9

இரியா பேசினாள். "பயமெல்லாம் இல்லம்மா. விமானத்துல இருந்த அக்கா என்கூடச் சீட்டு விளையாடினாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "பிரிஞ்சது நீங்க ரெண்டு பேரும். நான் மட்டும் ஏம்மா பறக்கணும்?"



டிசம்பர் 11

அந்தக் கேள்வியை எஸ்கோ சொல்லிக் கொடுத்திருப்பானோ? இல்லை. அது அவள் குரல்தான்.

டிசம்பர் 14

"ஜனவரியிலிருந்து நானே அங்க வரேன்" என்றேன். எஸ்கோ தேதிகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டான். பிறகு, "ஹோட்டல் எல்லாம் வேண்டாம். நீ வர்ற அன்னிக்கு நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடறேன். சாவியை இரியாகிட்ட குடுக்கறேன்" என்றான்.

டிராம் பணிமனையில் எங்கள் மேலாளர் வாஸ்கோ சிரித்தார். "வெள்ளியிலிருந்து ஞாயிறு வரைக்கும் உனக்கு லீவு. உன் வண்டியை நானா ஓட்டறது?" கடைசியில், கிறிஸ்துமஸ் அன்று நான் வண்டி ஓட்டுவதாகப் பேச்சு. இரியா இல்லாத கிறிஸ்துமஸ். ஒப்புக்கொண்டேன்.

ஜனவரி 18, சனி

ஹெல்சிங்கி. ஒரு காலத்தில் என்னுடையதாக இருந்த சமையலறை.

நேற்று இறங்கும்போது கால் வீங்கி, காது அடைத்து, பேசக்கூடத் தெம்பில்லை. இதையா அவள் இத்தனை நாள்... "இந்தக் கோட்டு இங்க எதுக்கும்மா ஆகும்?" என்று திட்டிக்கொண்டே தன் கழுத்துத் துணியை எனக்குச் சுற்றிவிட்டாள்.

இன்று காலை, தூக்கக் கலக்கமே இல்லாமல், தோழிகளோடு பனிச்சறுக்குக்குக் கிளம்பினாள். "மதியம் வந்துடுவேன். பசிக்கும், ஏதாவது பண்ணி வை." கதவை அறைந்து சாத்திவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் படியிறங்கி ஓடினாள்.

உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தேன்.