நான் திருத்திய சொல்

அக்கா,

நீ சொன்னதுதான் சரி. இன்று காலை ஆபீஸில் தெரிந்துபோனது.

எங்கள் கம்பெனிக்கு வரும் ஜப்பான்காரர்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் இங்குள்ள டாக்டருக்குப் புரிய வேண்டுமே என்று, அவர்கள் ஊர் ஆஸ்பத்திரிப் படிவம் ஒன்றை மொழிபெயர்க்கக் கொடுத்தார்கள். 'நெஞ்சு வலி எப்படி இருக்கிறது?' என்று கேட்டு, கீழே கட்டம் கட்டமாக, நம் 'சுருக் சுருக்' மாதிரி ஓசைச் சொற்கள். ஊசி குத்துவது போல் இருந்தால் ஒன்று, எரிந்தால் ஒன்று. பிடித்து இறுக்குவது போல் இருந்தால் டிக் போட வேண்டிய கட்டத்தில் இருந்தது உன் சொல். கியூ. தண்ணீர் குடிக்கப் போகிறவள் போல எழுந்து வெளியே போய் நின்றேன்.

கம்பெனி என்னை ஜப்பானிய வகுப்பில் சேர்த்துவிட்டது 2005-இல். ஜெயங்கொண்டத்தில் வீட்டு முன்னறையில் நீ ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை போன் போட்டால், செல்லைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசுவாய். மெஷின் சத்தமும் கூடவே வரும். இறுக்கத்துக்கு மட்டுமே அவர்களிடம் எத்தனை ஓசைச் சொற்கள் என்று நான் ஆரம்பித்த அன்றுதான் மெஷினை நிறுத்தினாய். உன் தொழிலே அதுதானே.

துணி உடம்பை ஒட்டிப் பிடித்தால் 'பிச்சிபிச்சி' என்றேன்.

"போடி, பிச்சிக்கிட்டுப் போற ஜாக்கெட்டுக்கு நாங்களும் அதத்தான் சொல்றோம். இதுக்கு ஜப்பான் வரைக்கும் போவணுமா?"

கால் வைக்க இடமில்லாத நெரிசலுக்குக் 'கியூகியூ' என்றேன்.

"ரேசன் கடை கியூவா?"

"இல்லக்கா. முகூர்த்த நாள்ல நம்ம கும்பகோணம் பஸ்ஸு."

"அப்பச் சரி, புரிஞ்சிருச்சு."

அதற்கப்புறம் அளவு ஜாக்கெட் கொண்டுவரும் பெண்களிடமெல்லாம் 'பிச்சிபிச்சியா வேணுமா, லூசா வேணுமா' என்று கேட்டாயாம். மாமா உரக்கடையிலிருந்து போன் செய்து, சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சின்ன வயதிலிருந்து எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தது நீ. இப்போது நான் சொல்ல நீ கேட்டுக்கொள்கிறாய். தப்பு கண்டால் என் வாய் சும்மா இருக்காது என்பதும் உனக்குத் தெரியும்.

பிறகு ஒரு ஞாயிறு மெஷின் சத்தம் இல்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

"நாலு நாளா நெஞ்சுல கியூகியூன்னு இருக்குடி. குடத்தத் தூக்குனா ரொம்ப."

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று எழுதக் கை கூசுகிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

"ஐயோ அக்கா, அது பஸ்ஸுக்கு. நெஞ்சுக்குக் 'கியுன்'னு சொல்லணும். அதுவும் புடிச்ச ஆளப் பாத்தாத்தான் வரும். என்ன, மாமாவ இப்பத்தான் லவ் பண்ண ஆரம்பிச்சிருக்கியா?"

நீ சிரித்தாய். நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினாய். அதுவும் என் காதில் விழுந்தது.

"கியுன். கியுன். சரியாடி?"

"சரிக்கா."

"ரெண்டு ஜாக்கெட் வெட்டாமக் கெடக்கு. வச்சிடறேன்."

புதன்கிழமை மத்தியானம் துணி வெட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாய். காரில் போட்டு அரியலூருக்குக் கொண்டுபோகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நான் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சில நாளாகவே நெஞ்சைப் பிடித்திருக்கும், கவனித்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்று மாமா சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தார். பயந்துபோய்த்தான் என்னிடம் விளையாட்டுப் போலச் சொன்னாயா? உன்னைக் கேட்க முடியாதே.

படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு எதிரே 'இறுக்குவது போன்ற வலி' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு நிமிட வேலை.

ஊருக்கு வரும்போதெல்லாம் மாமா டீ வாங்கி வந்து என் எதிரே உட்கார்ந்துகொள்கிறார். போன மாதமும் கேட்டார்.

"உங்கிட்டதான எல்லாத்தையும் சொல்லுவா. நெஞ்சு வலிக்குதுன்னு ஏதாச்சும் சொன்னாளாம்மா?"

"இல்ல மாமா."

"அப்ப அவளுக்கே தெரியல போலருக்கு. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பா" என்று தலையை ஆட்டிக்கொண்டார். அன்று இரண்டு வாய் கூடவே சாப்பிட்டார். அந்த ஒரு நினைப்பில்தான் அவர் நாளைத் தள்ளுகிறார். அதை அவரிடமிருந்து பறிக்கவும் தெரியவில்லை, நீ சொன்னதை எனக்குள்ளேயே வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், அக்கா. மறுபடியும் கேட்பார்.