ஹைபோங்கில் உன் பெயர்

பயணம் முடிந்து வந்து எட்டு நாளாகிவிட்டது. இன்று காலையில்தான் பெட்டியைத் திறந்தேன். காய்ந்த கணவாய் வாடை அறை முழுக்கப் பரவியது. வியட்நாமில் லான் கொடுத்தது. இரண்டு பொட்டலம், நான் போவதற்கு முன்பே நம் இருவருக்கும் வாங்கி வைத்திருந்தாளாம்.

லானின் ஊருக்கு, ஹைபோங்குக்குப் போனேன். தனியாகத்தான்.

லான் மலேசியாவுக்கு வேலைக்கு வந்திருந்த நான்கு வருடமும் சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலையில் நாம் மூவரும் ஒரே மேசையில் வேலை செய்தோம். ஒப்பந்தம் முடிந்து லான் ஊர் திரும்பிய அன்று, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் ஊர்க் கடலைப் பார்க்க வருவோம் என்று நீதான் சொன்னாய். நான் சிரித்தேன். "என்னடி சிரிக்கிற? பாஸ்போர்ட் எடுத்தா போதும்லா," என்றாய். பாஸ்போர்ட் எடுக்க வைத்தாய், டிக்கெட்டும் எடுத்தாய். கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது, சுங்கை லாலாங் முச்சந்தியில் உன் மோட்டார் சைக்கிளை லாரி அடித்துவிட்டது.

உன் அடக்கத்தில் நான் அழவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். லானுக்குச் சொல்லக் கைப்பேசியை எடுப்பேன்; எழுதுவேன், அழித்துவிடுவேன். அப்படியே பயண நாள் வந்துவிட்டது. போகாமல் இருக்கவும் தோன்றவில்லை.

ஹனோயிலிருந்து இரண்டு மணி நேரம் பேருந்து. வழியில் என்ன பார்த்தேன் என்று கேட்டால் தெரியாது. நிலையத்தில் லான் நின்றாள். எனக்குப் பின்னால் இறங்குகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாம் பேசிக்கொள்ளும் அந்த உடைந்த மலாயில் கேட்டாள்: "இன்னொருத்தி எங்க?"

"லீவு கிடைக்கல," என்றேன்.

அந்தப் பொய்யோடு இரண்டு நாள் இருந்தேன். துறைமுகத்தைக் காட்டினாள். நண்டு மீ நூடுல்ஸ் வாங்கித் தந்தாள். கடற்கரைக்குக் கூட்டிப்போனாள், தண்ணீர் கலங்கலாக, நம் ஆற்று நிறத்தில் இருந்தது. "வா, அவளுக்கு வீடியோல காட்டலாம்," என்று கைப்பேசியில் உன் எண்ணைத் தேடினாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"கூப்பிடாத. அவ இல்ல. செத்துட்டா."

லான் மணலில் உட்கார்ந்து அழுதாள். அலை கொண்டுபோய்விடாமல் அவள் செருப்புகளை எடுத்துத் தள்ளி வைத்தேன்.

மறுநாள் மாலை என்னைத் தேவாலயத்துக்கு அழைத்துப் போனாள். இறந்தவர்களின் பெயர்களைப் பாதிரியார் வாசித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நடுவில் ஒரு பெயர் வந்தபோது லான் முழங்கையால் இடித்தாள். உன் பெயராம், அவள்தான் எழுதிக் கொடுத்திருந்தாள். மூன்று துண்டாக உடைத்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு ராகத்தில் வாசித்தார். நீ இருந்திருந்தால் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடியிருப்பாய். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மற்றவர்கள் எழுந்தபோது நானும் எழுந்து நின்றேன்.

இப்போது தொழிற்சாலையில் யாராவது உன்னைப் பற்றிப் பேசினால், அந்தப் பாதிரியாரின் குரலில்தான் உன் பெயர் எனக்குக் கேட்கிறது, மூன்று துண்டாக. இதை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும்தான்.