சிடி டிரைவில் கேட்ட குரல்

ஜெர்மனி, 14.11.2006

அன்புள்ள அம்மாவுக்கு ராஜராஜன் வணக்கத்துடன் எழுதுவது. மூட்டுவலி தேவலையா? அரும்பாவூரில் மழை உண்டா? நான் நலம்.

இங்கே ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றை ஓடவிடும் மென்பொருள் செய்கிறோம். உள்ளே ஓடும் கம்ப்யூட்டருக்கு வெளியே உள்ள சிடி டிரைவ் தெரிய வேண்டும். விண்டோஸில் தெரிந்தது, லினக்ஸில் மூன்று வாரமாகத் தெரியவில்லை. நேற்று சரியானதும், சோதித்துப் பார்க்க, தங்கச்சி பரிமளா அனுப்பிய அவள் கல்யாண சிடியைப் போட்டேன்.

"சாப்பிடாம யாரும் போயிடாதீங்க" என்று பந்தியில் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

பக்கத்து சீட்டுக்காரர் யாரென்று கேட்டார். "எங்கப்பா, ஊரில் இருக்கிறார்" என்றேன். அப்பாவின் காரியத்துக்குக்கூட வராத எனக்கு அப்படித்தான் வாயில் வந்தது.

பருப்புப்பொடி அனுப்பும்போது அப்பா துண்டு ஒன்றையும் வைத்து அனுப்புங்கள். இங்கே குளிர் அதிகம். ஆபீஸ் பஸ் வந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

உங்கள் மகன்,
ராஜராஜன்