பச்சைப் பூஜ்யம்

மார்ச் 4, திங்கள்

இன்றும் முப்பத்தேழு. சிவப்பில் சில, மஞ்சளில் மீதி. போன வாரமும் இதே எண்தான். ஒன்றுகூடக் குறையவில்லை என்றால் யாரோ வேண்டுமென்றே குறையவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

திங்கட்கிழமை காலையில் ஆடிட் ஓட்டி, வந்த எண்ணை அக்கா மகளிடம் சொல்வது என் வேலை. அவள் கம்பெனியில் எனக்கு என்ன பதவி என்று கேட்பவர்களிடம் பாதுகாப்புத் தலைவர் என்பேன். கதவைத் திறப்பது, பூட்டுவது, டீ மெஷினுக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் பாதுகாப்பில் அடங்கும்.

கண் மருத்துவமனைகளில் நோயாளிகள் முன்பதிவு செய்யும் மென்பொருள் எங்களுடையது. எங்களுடையது என்று பெயர்தான். பாதிக்கு மேல் முகம் தெரியாதவர்கள் எழுதிப் பொதுவில் போட்ட துண்டுகள். துண்டுக்குப் பேக்கேஜ் என்று பெயர். தேதியை ஒழுங்காகக் காட்ட ஒன்று, பெயர்களை வரிசைப்படுத்த ஒன்று. ஒன்றைக் கூப்பிட்டால் அது தனியாக வருவதில்லை. மச்சான், மச்சானுடைய சிநேகிதன், அவன் பக்கத்து வீட்டுக்காரன் என்று ஒரு வண்டி ஆளோடு வந்து இறங்கும். இவர்களைக் கொண்டுவந்து சேர்ப்பது பேக்கேஜ் மேனேஜர். அது ஆளில்லை, ஒரு புரோகிராம். முதல் வாரம் ‘மேனேஜர் சார் எத்தனை மணிக்கு வருவார்’ என்று நான் கேட்டதாகக் கண்ணாடி பரப்பும் கதை சுத்தப் பொய். கண்ணாடி எங்கள் மூத்த புரோகிராமர். மூக்குக்கண்ணாடியைத் துடைக்காமல் அவனுக்கு யோசனை ஓடாது.

வந்து இறங்கியவர்களில் எவன் யோக்கியன், எவன் அயோக்கியன் என்று சொல்வதுதான் ஆடிட். முப்பத்தேழு என்பது அயோக்கியர்களின் எண்ணிக்கை. எனக்கு அது தேவையே இல்லை. ஆளைப் பார்த்தாலே சொல்லிவிடுவேன். வாலிபத்தில் ஒரு கிடங்கில் காவலுக்கு இருந்தபோது இரண்டு திருடர்களை வெறுங்கையால் பிடித்தவன் நான்.

இந்த மாதக் கடைசியில் பெரிய மருத்துவமனை ஒன்று எங்களிடம் வரப்போகிறது. ஆடிட் அறிக்கை வேண்டுமாம். அக்கா மகள் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. அந்த மருத்துவமனை வந்தால் கம்பெனி நிமிரும், வராவிட்டால் இழுத்து மூட வேண்டியதுதான்.

புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். ஜன்னலோர மேஜை. வாயைத் திறப்பதில்லை. நான் கடந்து போகும்போது கம்ப்யூட்டர் திரையைச் சட்டென்று சாய்க்கிறாள். அமுக்குணி. எதை மறைக்கிறாள்?

மார்ச் 5, செவ்வாய்

அமுக்குணி இன்றும் தனியாகச் சாப்பிட்டாள். மறுபடியும் திரையைச் சாய்த்தாள்.

மார்ச் 7, வியாழன்

டீ மெஷினைப் பழுது பார்க்க வந்தவன் சுவரில் இருக்கும் இன்டர்நெட் பெட்டியை இரண்டு தடவை பார்த்தான். மெஷின்காரனுக்குச் சுவரில் என்ன வேலை? அவன் போகும்வரை வாசலில் நின்றேன். சுத்தியல் வைத்திருந்தான். பெரிய சுத்தியல்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“மெஷின் ரிப்பேர் பண்றவன் சுத்தியல் வச்சிருக்காம, பூங்கொத்தா வச்சிருப்பான்?”

“உனக்கு உலகம் தெரியாது. மூணு திருடனை ஒரே கையில பிடிச்சவன் சொல்றேன்.”

“போன மாசம் ரெண்டு பேருன்னீங்க. அந்தக் கிடங்குல மாசா மாசம் திருடன் குட்டி போடுதா?”

இவளிடம் பேசிப் பயனில்லை.

மார்ச் 11, திங்கள்

முப்பத்தெட்டு! கூடிவிட்டது.

அக்கா மகள் எண்ணைக் கேட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடி துடைத்துக்கொண்டே சொன்னான், “ஒண்ணொண்ணா பிரிச்சுப் பாக்கணும். எதை மாத்துனா எது உடையும்னு தெரியாம கைவைக்க முடியாது.”

ஒன்றொன்றாகவாம். வீட்டுக்குள் முப்பத்தெட்டுத் திருடன் உட்கார்ந்திருக்கிறான். இவன் ஒவ்வொருவனிடமும் சுகம் விசாரிக்கப்போகிறான். இவன்மீதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

“வெள்ளிக்கிழமைக்குள்ள பூஜ்யம். மாமா சொல்றேன், எழுதி வச்சுக்கோ” என்றேன் அக்கா மகளிடம்.

“மாமா, ப்ளீஸ்” என்றாள்.

ஆடிட் செய்தியின் அடியிலேயே வழி எழுதியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே வீச்சில் சரிசெய்ய, ‘கட்டாயமாக’ என்று பொருள்படும் ஒரு வார்த்தையைச் சேர்க்கச் சொல்கிறது. முன்பு ஒருநாள் இதைச் சுட்டிக்காட்டியபோது கண்ணாடி பதறினான். “அந்த வார்த்தைய மட்டும் தொடாதீங்க மாமா. பூட்டி வச்ச பழைய வெர்ஷன் எல்லாத்தையும் பிச்சுக்கிட்டு, பேக்கேஜ் கடையில இருக்கிற புதுச வாரிக்கிட்டு வந்துரும்.”

புதுசு வந்தால் நல்லதுதானே? ஏன் பதறுகிறான்?

மார்ச் 15, வெள்ளி

பூஜ்யம்! பச்சை நிறத்தில், முட்டை மாதிரி, பூஜ்யம்!

கண்ணாடி விடுப்பு. மற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக்குக் கீழே போயிருந்தார்கள். என் பழைய கம்ப்யூட்டர் சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது. அமுக்குணியின் மேஜையில் கம்ப்யூட்டர் திறந்து கிடந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்: ஆடிட்டையும் முடிக்கலாம், அவள் என்ன மறைக்கிறாள் என்றும் பார்க்கலாம்.

நாற்காலியைத் தென்னைமர உயரத்துக்கு ஏற்றி வைத்திருக்கிறாள். கால் தரையில் படவில்லை, இறக்கிக்கொண்டேன். ஜன்னல் வெயில் கண்ணைக் குத்தியதால் திரையைச் சாய்த்துக்கொண்டேன். மறைத்து வைத்த எதுவும் அகப்படவில்லை. கெட்டிக்காரி, துடைத்து வைத்திருக்கிறாள்.

அந்த வார்த்தையைச் சேர்த்துத் தட்டினேன். திரை மடமடவென்று ஓடியது, அருவி மாதிரி. ஆடிட்டை மறுபடி ஓட்டினேன். பூஜ்யம். கண்ணாடி வழக்கமாகச் சர்வரில் ஏற்றுவதைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் ஆகியிருந்தது. அதே போல ஏற்றிவிட்டேன். சோதனைகள் எல்லாம் பச்சை.

சாயங்காலம் அக்கா மகள் அதைப் பார்த்துத் துள்ளிக் குதித்தாள். எல்லாருக்கும் ஐஸ்கிரீம். “மாமா கை பட்டா சும்மாவா?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நம்பிச் சிரித்த சிரிப்பில்லை அது.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அமுக்குணியின் கம்ப்யூட்டரிலிருந்து ஏறியதால் அவள் பெயர்தான் காட்டுகிறதாம். “புதுசா வந்தவ, பரவாயில்லையே!” என்று அக்கா மகள் அவள் தோளைத் தட்டினாள்.

“நான் பண்ணலையே அக்கா” என்றாள் அவள்.

“பாரு, என்ன அடக்கம்!”

அடக்கமாம். நடிப்பு. என் புகழையும் தின்றாள், என் பங்கு ஐஸ்கிரீமில் பாதியையும் தின்றாள். (ஐஸ்கிரீம் நானாகத்தான் கொடுத்தேன். பல் கூசும்.)

மார்ச் 19, செவ்வாய்

தலையில் இடி.

ஏற்கெனவே எங்கள் மென்பொருளை வைத்திருக்கும் மருத்துவமனையிலிருந்து காலையிலேயே போன். அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர் பேசினார். எங்கள் மென்பொருள் வெளியே ஏதோ ஒரு முகவரிக்கு எதையோ அனுப்பிக்கொண்டே இருக்கிறதாம். இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். டாக்டர்களின் பாஸ்வேர்டுகள் போயிருக்கலாம். வரப்போகும் பெரிய மருத்துவமனை இதைக் கேள்விப்பட்டால் அவ்வளவுதான்.

அக்கா மகளின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“அந்த அமுக்குணிதான். வந்த நாள்லேருந்து பாக்குறேன். திரைய மறைக்கிறா. தனியாச் சாப்பிடுறா.”

“தனியாச் சாப்பிட்டா திருடியா மாமா?”

“வெள்ளிக்கிழமைவரைக்கும் சுத்தமா இருந்துச்சா இல்லையா? அதுக்கப்புறம் எப்படி வந்துச்சு?”

 அவள் யோசித்தாள். விதை விழுந்துவிட்டது. இந்த மாதிரி விஷயத்தில் என் கணக்கு தப்பியதே இல்லை.

மார்ச் 20, புதன்

கண்ணாடி காலையிலிருந்து திரையைவிட்டு எழவில்லை. என்னைக் கண்டால் “அப்புறம் மாமா” என்கிறான். நாளை எல்லாரும் உட்கார்ந்து பேசப்போகிறோம். அமுக்குணி தன் மேஜையைச் சுத்தம் செய்கிறாள். பையில் தண்ணீர் பாட்டிலையும் சீப்பையும் போட்டாள். ஓடப்பார்க்கிறாளா?

மார்ச் 21, வியாழன்

 நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

நடு அறையில் எல்லாரும் இருந்தோம். நான் சாட்சி சொல்லத் தயாராக, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன். அமுக்குணி மடியில் பை. அதன் வாரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

கண்ணாடி சொன்னான், “வெள்ளிக்கிழமை ஒரே அடியில முப்பத்தெட்டையும் பூஜ்யம் ஆக்குனது பெரிய வேலைதான், ஆனா...”

“ஆனா” வரை எங்கே பொறுத்தேன்? வாரம் முழுக்க அடைத்து வைத்திருந்தது வெடித்துக்கொண்டு வந்தது. “அது நான்! பூஜ்யம் ஆக்கினது நான்! இவ இல்ல!”

 கண்ணாடி துடைப்பதை நிறுத்தினான்.

“ஆனா,” என்றான் மெதுவாக, “அந்த வார்த்தையப் போட்டதாலதான் கதவு திறந்துச்சு.”

தேதி காட்டும் அந்தச் சின்னப் பேக்கேஜ்தான். அதை எழுதியவர் சலித்துப்போய், உதவிக்கு வந்த யாரோ ஒருவனிடம் சாவியைக் கொடுத்துவிட்டாராம். வந்தவன் பாஸ்வேர்டைத் திருடும் வரி ஒன்றைச் செருகி, புது வெர்ஷன் என்று கடையில் வைத்திருக்கிறான். நான் அன்றைக்கு வாரிக்கொண்டு வந்ததில் அதுவும் ஒன்று.

“ஆடிட் சுத்தம்னு சொல்லுச்சேப்பா?” என்றேன். 

“ஆடிட் திருடனைக் கண்டுபிடிக்காது மாமா. ஏற்கெனவே புகார் வந்த பேருங்களோட ஒத்துப் பாக்கும், அவ்வளவுதான். நேத்து கிளம்புன புதுத் திருடன்மேல யார் புகார் குடுத்திருப்பா? பூஜ்யம்னா, இன்னும் யாரும் வாயத் திறக்கலன்னு அர்த்தம்.”

யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் அமுக்குணியைப் பார்த்தேன்.

அக்கா மகள் பெருமூச்சு விட்டாள். “மாமா, இதுவும் உங்க திருடன் பிடிச்ச கதை மாதிரியா?”

சிரிக்கத் தயாராக எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் தப்பிக்கக் கதவு அகலத் திறந்து கிடந்தது. ‘சும்மா சொன்னேன்’ என்று ஒரு வார்த்தை போதும், நம்பிவிடுவார்கள். இத்தனை வருஷம் நான் விட்ட கதையெல்லாம் இதற்கு உதவியிருக்கும். அமுக்குணி பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். நான் டீ மெஷினுக்குத் தண்ணீர் ஊற்றப் போகலாம்.

“இல்லம்மா. இது நிஜம்.”

“மாமாவுக்கு இரக்கம்” என்றான் கண்ணாடி. “அவ மேல பழி வரக் கூடாதுன்னு தன்மேல போட்டுக்கிறார்.”

என்ன கொடுமை! வாழ்க்கையில் ஒரு தடவை உண்மையைச் சொல்கிறேன், அதையும் கதை என்கிறார்கள். அவள் கம்ப்யூட்டரில், சாப்பாட்டு நேரத்தில், இன்ன வார்த்தை என்று எல்லாவற்றையும் சொன்னேன். திருடர்கள் கதையிலும் இப்படித்தான் நுணுக்கமாகச் சொல்வேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்தப் பெண்தான் வாயைத் திறந்தாள்.

“நாற்காலிய இறக்குனீங்களா மாமா?”

“ஆமா. கால் எட்டல.”

“அன்னைக்குச் சாப்பிட்டு வந்து உக்காந்தேன். பொதுக்குன்னு கீழ போச்சு. யார் உக்காந்தாங்கன்னு ரொம்ப நேரம் யோசிச்சேன்.” அக்கா மகள் பக்கம் திரும்பினாள். “மாமா சொல்றது நிஜம் அக்கா.”

கம்பெனியில் என்னை நம்பியது அவள் ஒருத்தி. நான் திருடி என்று சொன்ன ஒருத்தி.

அக்கா மகள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 22, வெள்ளி

பழைய வெர்ஷனுக்கே பூட்டிவிட்டார்கள். எல்லாப் பாஸ்வேர்டும் மாற்றம். அக்கா மகள் இரண்டு மருத்துவமனைக்கும் நேரில் போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தாள். பெரியது முடிவைத் தள்ளி வைத்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை.

இனிமேல் எந்தப் புது வெர்ஷனும் வந்தவுடன் உள்ளே வராது. கொஞ்ச நாள் வாசலிலேயே நிற்க வேண்டும். அதற்குள் ஊரில் யாராவது புகார் சொல்கிறார்களா என்று பார்த்துத்தான் விடுவார்கள். கீபோர்டு பக்கம் நானும் அப்படித்தான் நிற்கிறேன். எவ்வளவு நாள் என்று சொல்லவில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். என் மனைவி முதல் தடவையாகக் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், “சாப்பிட வாங்க” என்றாள்.

மார்ச் 25, திங்கள்

ஆடிட்டை அந்தப் பெண் ஓட்டினாள். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்கி மாட்டினேன். இப்போது அவள் கம்ப்யூட்டர் திரையைச் சாய்ப்பதில்லை.

மார்ச் 28, வியாழன்

டீ மெஷின்காரன் வந்தான். சுவரைப் பார்த்தான். நான் ஒன்றும் எழுதப்போவதில்லை.

(ஆனால் பார்த்தான்.)

ஏப்ரல் 8, திங்கள்

ஆடிட்டில் இருபத்தொன்பது. ஒன்றொன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள், யாரும் அவசரப்படவில்லை. பெரிய மருத்துவமனை சோதனைக்கு ஒரு கிளையை மட்டும் கொடுத்திருக்கிறது. அக்கா மகள் மாதிரி நேரில் வந்து தப்பை ஒப்புக்கொண்டவர்கள் இதுவரை யாரும் இல்லையாம், அதனால்தானாம். அக்கா மகள் இரண்டு தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

மதியம் அந்தப் பெண் தட்டை எடுத்துக்கொண்டு எங்கள் மேஜைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

“மாமா, கிடங்குல நீங்க திருடன் பிடிச்சீங்களாமே. கண்ணாடி அண்ணன் நாலுங்கிறார், அக்கா மூணுங்கிறாங்க. மொத்தம் எத்தனை பேரு?”

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். நாக்கு நுனியில் ஐந்து இருந்தது. கத்தியோடு.

“ஒருத்தன்” என்றேன். “அவனையும் நான் பிடிக்கல. என்னப் பாத்து ஓடல, நாயப் பாத்து ஓடுனான். சாக்குத் தடுக்கி விழுந்தான். நான் பக்கத்துல நின்னேன்.”

அவள் சிரித்தாள். அவள் சிரிப்பை நான் கேட்டது இதுதான் முதல் தடவை. அடுத்த தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

சரி, அடுத்த அறை வரைக்கும்.