சராசரிக்குள் ஒளிந்த காலை

ஏப்ரல் 7, செவ்வாய்

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

கிள்ளானில் என் மனைவி புஷ்பவல்லி பாடம் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்குப் பின்னால் ஒரு கையுறைத் தொழிற்சாலை. அதன் புகை அளவை இணையத்தில் வெளியிடுவது எங்கள் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகம். அளவை அல்ல, சராசரியை. ஒவ்வொரு மணிக்கும், அதற்கு முந்தைய இருபத்துநான்கு மணி நேரத்தின் சராசரி. எப்போதும் வரம்புக்குள். வல்லியோ, "காலையில அசெம்ப்ளில பிள்ளைங்க இருமிக்கிட்டே நிக்குதுங்க" என்கிறாள்.

மணிவாரி அளவைக் கேட்டேன். சிவேந்திரன் சிரித்தான். எனக்குக் கீழே சேர்ந்து எனக்கு மேலே போனவன். "ஆவரேஜ் போட்டாச்சுலா, டாக்டர். கலக்கின தே தாரிக் டீய மறுபடி பாலும் தண்ணியுமா பிரிப்பீங்களா?" அலுவலகமே சிரித்தது.

ஏப்ரல் 8

பிரிக்கலாம். அடுத்தடுத்த இரு சராசரிகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, இருபத்துநான்கால் பெருக்கினால், புதிதாக உள்ளே வந்த மணிக்கும் வெளியே போன மணிக்கும் உள்ள வித்தியாசம் கிடைக்கும். ஒன்று தெரிந்தால் மற்றது தெரியும். சீனப் பெருநாளுக்குத் தொழிற்சாலை முழுதாக மூடியிருந்தது. அன்று புகை பூஜ்யம்! அங்கிருந்து மணி மணியாக அவிழ்த்து வந்தேன்.

வரைபடத்தில் ஒவ்வொரு விடியலிலும் ஒரு மலை. பிள்ளைகள் திடலில் நிற்கும் நேரம்.



ஏப்ரல் 9

தப்பாக இருந்தால்? சராசரிகளை ஒரு தசம இடத்தோடு நிறுத்தியிருக்கிறார்கள். அந்தச் சின்னப் பிழைகள் சேர்ந்து மலையாகிவிட்டனவா? இல்லை, சிவேந்திரன்மேல் எனக்குள்ள ஆத்திரம்தான் மலையாகத் தெரிகிறதா?

ஏப்ரல் 11, சனி

நோன்புப் பெருநாளான ஹரி ராயாவுக்கும் தொழிற்சாலையை மூடியிருந்தார்கள். கணக்கு சரியென்றால் அந்த நாள் தானாகப் பூஜ்யத்தில் வந்து இறங்க வேண்டும்.

இறங்கியது, ஏறத்தாழ. சந்தோஷம் வரவில்லை. இனிமேல் தெரியாது என்று சொல்ல முடியாது.

ஏப்ரல் 13

"பழைய டேட்டாவெல்லாம் எதுக்கு இறக்குறீங்க, டாக்டர்? ரிட்டையர்மென்ட் ப்ராஜெக்ட்டா?" சிவேந்திரன் என் தோளில் கை வைத்துக் கேட்டான். இந்த வயசுல வேலை போச்சுன்னா என்னை யாரு எடுப்பா?

ஏப்ரல் 15

என் பெயரைப் போட்டே வெளியிடுவேன் என்றேன். என் உழைப்பின் மேலெல்லாம் சிவேந்திரன் பெயர் இருந்தது போதாதா?

வல்லி திருத்திக்கொண்டிருந்த பயிற்சிப் புத்தகங்களிலிருந்து நிமிர்ந்தாள். "போடுங்க. அப்புறம் எல்லாரும் உங்க ரெண்டு பேர் சண்டையத்தான் பேசுவாங்க. புகைய யாரு பேசுவா?"



ஏப்ரல் 16

எந்த நாளில் தொடங்கி எப்படிக் கழிப்பது என்று எழுதி முடித்தேன். யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். யார் செய்தது என்று சிவேந்திரன் ஊகிப்பான். ஊகிக்கட்டும்.

கீழே என் பெயரும் முனைவர் பட்டமும் இருந்தன. இரண்டையும் அழித்துவிட்டேன். வல்லி அசெம்ப்ளிக்குக் கிளம்பிப் போய்விட்டாள். அவள் பள்ளிப் பெற்றோரின் முகநூல் குழுவில், பெயரில்லாமலே, இப்போது போடுகிறேன்.