மீன் இல்லாத ஏரிக்குக் காவல்

மார்ச் 4, 1901
காலையில் தண்டோரா. ஏரித் தண்ணீர் இனிச் சுரங்கத்துக் குடிதண்ணீராம்; யாரும் வலை போடக் கூடாதாம். துரைமார் மட்டும் தூண்டில் போடலாம். என் வலை பட்டால் கெடுகிற தண்ணீர் துரையின் புழு பட்டால் கெடாது போலிருக்கிறது. வீட்டுக்காரர் ஏனோக் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு, "நா ஷாஃப்டுக்குப் பேர் குடுத்துடறேன்மே" என்றார். கொடுப்பார், கொடுப்பார்! என் தம்பி சுரங்கத்துக்குள் இறங்கிப் பிணமாக வந்தது போதாதா? நான் இருக்கும்வரை இவரை அந்தக் குழிக்குள் விடமாட்டேன்.

மார்ச் 9
வீட்டுக்காரருக்கு ஒரு துரையின் பரிசல் தள்ளும் வேலை கிடைத்தது. மீன் இருக்கிற இடத்தைக் காட்ட வேண்டுமாம். "கிழக்கு மூலைக்கு இட்டுகினு போங்க" என்றேன். அங்கே தவளைகூடக் கிடையாது.

மார்ச் 30
நாலு சனிக்கிழமை ஆயிற்று. துரைக்குச் சிக்கியது ஒரு பழைய செருப்பு.

ஏப்ரல் 17
கோபத்தில் துரை, 'இந்த ஏரியில் மீனே இல்லை' என்று மேலே எழுதிவிட்டாராம். விசாரிக்கக் குமாஸ்தா சௌந்தரராஜன் வந்தார். பிறந்ததிலிருந்து மீனை வாயில் வைக்காத மனிதர். மீன் விசாரணைக்குச் சர்க்காருக்கு வேறு ஆள் அகப்படவில்லை! மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவிலேயே நின்றார். வாசலில் பானை; உள்ளே விடியலில் திருட்டுத்தனமாய்ப் பிடித்த விரால்.

"என்னம்மா அது?"

"கருவாடுங்க சாமி. மெட்ராஸ்லேந்து ரயில்ல வந்துது."

"அசையறதே?"

"ஊறப் போட்டுகீறேங்க, அதான்."

எழுதிக்கொண்டு போய்விட்டார். கர்த்தர் என்னை மன்னிக்கட்டும். ஆனால் சிரிப்பு அடங்கவில்லை.

மே 6
மீன் இல்லாத ஏரிக்குத் தடை எதற்கு என்று ரத்து செய்துவிட்டார்கள். அடேயப்பா! ஸ்கெலட்டன் லைன் கூலி வீடுகளில் மத்தியானத்துக்குள் என் மீன் கூடை காலி.

ஜூன் 18
சந்தோஷப்பட்டேன் இல்லையா, போச்சு. மீன் இல்லாத ஏரிக்குச் சர்க்காரே மீன் விடுகிறது. பானை பானையாகக் குஞ்சு வந்து இறங்கியது. அவை வளர மூன்று வருஷம் வலை கிடையாது. உள்ளே இருக்கிற விரால்களுக்குத் தினம் விருந்துதான், குஞ்சாவது வளர்வதாவது. வீட்டுக்காரர் மறுபடியும் ஷாஃப்டு என்கிறார். குமாஸ்தா வீட்டு வாசலுக்கு ஓடினேன். ஏரியை இவரைப்போல் அறிந்தவர் இல்லை, காவலுக்கு வையுங்கள் என்று அழுதேன். நிஜ அழுகை.

ஜூலை 2
வேலை கிடைத்தது, ஸ்தோத்திரம். பித்தளை வில்லை மாட்டியதிலிருந்து மனிதரின் நடையே மாறிவிட்டது. காவல் நோட்டு வேறு எழுத வேண்டும். அவருக்கு எழுத்து வராது. அவர் சொல்ல நான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 13
விடியலில் வலையோடு பிடிபட்டேன். பிடித்தவர் ஏனோக்.

"இன்னாமே, நீயா?"

"இந்த விராலுங்க சர்க்கார் குஞ்சைத் தின்னுதுய்யா. நா சர்க்காருக்கு ஒத்தாசை பண்றேன்."

அவர் சிரிக்கவில்லை. மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்ததும் நோட்டை நீட்டினார். "உள்ளத எழுது. பொய் எழுதி மாட்டிக்கினா வேலை பூடும். அப்பால ஷாஃப்டுதான்."

அந்தப் பேச்சு வந்ததும் பேனாவை எடுத்தேன். எழுதினேன்: 'பாக்கியவதி, ஏனோக்கின் மனைவி. வலை ஒன்று. விரால்—'

பிடித்தது ஐந்து. "எத்தினின்னு எழுதட்டும்?" என்று கேட்டேன்.

"மூணு" என்று சொல்லிவிட்டு, இரண்டாம் முறை விரால் குழம்பு ஊற்றிக்கொண்டார்.